விரிசல் விட்ட கட்டடத்துக்குள் கால் வைக்காதீர்கள்!

ஓசூர் பாறை மேல் நிற்கிற ஊர், இங்கே பூமி ஆடாது என்று கேன்டீனில் யாராவது சொன்னால், கில்லாரியைச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கத்து ஊர் அது. அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம். 1993 செப்டம்பர் 30, விடிவதற்கு முன்பே குலுங்கியது. தடித்த கல்சுவர்கள் சரிந்து ஏறக்குறைய பத்தாயிரம் பேரை மூடின. முதல் மண்டலம் என்ற பிரிவையே பிறகு எடுத்துவிட்டார்கள்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதி 6 அளவில் அதிர்ந்தது. 2021 கடைசியில் அந்தப் பக்கம் வேலூர், இந்தப் பக்கம் சிக்கபள்ளாப்பூர் இரண்டும் லேசாக ஆடின. பெரிய அதிர்வு நம் ஆயுளில் வராமலே போகலாம். ஆனால் மோசமாகக் கட்டிய கட்டடம் அதற்காகக் காத்திருக்காது. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் சரிந்தபோது பூமி அசையவே இல்லை. முதல் நாளே தொழிலாளிகள் விரிசலைக் கண்டார்கள். மறுநாள் வராவிட்டால் சம்பளம் போகும் என்று நிர்வாகம் மிரட்டி உள்ளே அனுப்பியது. 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். தோழர்களே, அந்த மிரட்டல் நமக்குப் புதிதா?

சிப்காட்டைச் சுற்றி நாம் குடியிருக்கும் கட்டடங்களைப் பாருங்கள். கீழே வண்டி நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டு, மேலே நான்கைந்து மாடி. 2001-இல் பூஜ் நடுக்கத்தின்போது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகள் பல இந்த வகைதான். தூணுக்குள் கட்டும் ரிங் கம்பியின் முனை 135 டிகிரி மடங்கி உள்பக்கம் பிடித்திருக்க வேண்டும். வெறும் செங்கோணமாக மடக்கிவிட்டால் குலுங்கும்போது அது விரிந்துகொள்ளும், தூண் வெடிக்கும். கான்கிரீட் போட்டபின் இதை யாரும் பார்க்க முடியாது. கம்பி கட்டும் தோழர்களே, மறைவதற்கு முன் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். தப்பாக மடக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், சங்கம் உங்கள் பின்னால் நிற்கும்.

ஆலைக்குள் நம் கோரிக்கை தெளிவானது. கட்டடத்தின் உறுதிச் சான்றை நமக்குக் காட்டு. உயரமான ரேக்குகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கு. எரிவாயு வால்வை யார் மூடுவது என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பெயர் சொல். ராத்திரி ஷிப்டில் அவசர வழிக்குப் பூட்டுப் போடாதே. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல், அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு சட்டத்துக்குள் வந்தது. ஆயிரக்கணக்கான உயிர் கொடுத்து வாங்கிய நாற்காலி அது. நிர்வாகம் பொறுக்கியெடுத்த ஆள் அதில் உட்கார விடலாமா? நம் ஆளை நாமே அனுப்புவோம்.

ஒப்பந்தத் தொழிலாளியை விட்டுவிட்டு இந்தப் போராட்டம் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் நெருக்கி வாழ்கிறவர்களுக்கும், விடுதிகளில் தங்கும் பெண்களுக்கும் வெளியேறும் ஒத்திகையே நடப்பதில்லை. அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவர்களும் நம் தோழர்கள்தான்.

இன்று ஷிப்ட் முடிந்ததும் கேட் வாசலில் கையெழுத்துத் தாள் இருக்கும். உங்கள் பிரிவில் எங்கே விரிசல், எந்தக் கதவுக்குப் பூட்டு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். இந்தியும் ஒடியாவும் கன்னடமும் தெலுங்கும் தெரிந்த தோழர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். நிர்வாகத்திடம் நாளை காலை சேர்ந்தே போகிறோம்.