தில்லி ரிட்ஜ்: எல்லைக்கோட்டுக்காக 31 ஆண்டுகள் காத்திருந்த காடு

புது தில்லி: தலைநகரில் பொழுது விடிந்ததும் நடப்பதற்கென்றே வீட்டை விட்டுப் புறப்படுவோர் ஏராளம். மத்திய தில்லியில் எம்.பி.க்களும் உயர் அதிகாரிகளும் லோதி தோட்டத்தைச் சுற்றி வருகின்றனர். பல்கலைக்கழகப் பகுதி மக்கள் வடக்கு ரிட்ஜில் ஃபிளாக்ஸ்டாஃப் கோபுரம் வரை சென்று திரும்புகின்றனர். மெஹ்ரோலி பகுதியினருக்கு சஞ்சய் வனம். அங்கு லால் கோட் மதிலின் சிதைவுகளை ஒட்டி ஒற்றையடிப் பாதைகள் செல்கின்றன. விடுமுறை நாளில் இன்னும் சற்றுத் தொலைவு செல்வோர், ஹரியாணா எல்லையில் உள்ள மாங்கர் பனி எனும் கோயில் காட்டை எட்டிவிடுகின்றனர்.

லோதி தோட்டத்தைத் தவிர மற்ற இடங்கள் அனைத்தும் ஒரே மலையின் துண்டுகள். குஜராத்தில் தொடங்கி, ராஜஸ்தான், ஹரியாணா வழியாக வரும் ஆரவல்லி மலைத்தொடர், தில்லிக்குள் சுமார் 35 கி.மீ. தொலைவு நீண்டு, வஜீராபாத் அருகே யமுனைக் கரையில் முடிகிறது. இந்தக் கடைசிப் பகுதியையே 'ரிட்ஜ்' என்கிறார்கள் தில்லிவாசிகள். ஒன்றரை கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் நகரின் நடுவே மயில் அகவுவதும், நீலான் மான் குறுக்கிடுவதும் இதனால்தான்.

இந்தக் காட்டின் பரப்பு சுமார் 7,780 ஹெக்டேர். இதில் தெற்கு ரிட்ஜ் மட்டும் 6,200 ஹெக்டேர். மத்திய ரிட்ஜ் 864, மெஹ்ரோலி பகுதி 626, வடக்கு ரிட்ஜ் வெறும் 87 ஹெக்டேர். இவ்வளவு துல்லியமான கணக்கு இருந்தும், இதில் பெரும்பகுதி சட்டப்படி முழுமையான காப்புக்காடாக அறிவிக்கப்படாமலே முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதுதான் வியப்பு.

நான்காவது பிரிவுக்கும் இருபதாவது பிரிவுக்கும் இடையே:

1927-ம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி, ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க இரு முக்கியக் கட்டங்கள் உண்டு. முதலில் 4-வது பிரிவின் கீழ், 'இதைக் காப்புக்காடாக்க உத்தேசித்துள்ளோம்' என அரசு அறிவிக்க வேண்டும். பின்னர் அந்த நிலத்தில் எவருக்கு என்ன உரிமை என்பதை விசாரித்து, எல்லையை வரையறுத்து, 20-வது பிரிவின் கீழ் இறுதி அறிவிக்கை வெளியிட வேண்டும்.

ரிட்ஜ் தொடர்பான முதல் அறிவிக்கை 1994-ம் ஆண்டு மே மாதம் வெளியானது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் ரிட்ஜ் மேலாண்மை வாரியமும் அமைக்கப்பட்டது. ஆனால் இறுதி அறிவிக்கை வரவில்லை. தில்லியில் பாஜக, காங்கிரஸ், ஆம் ஆத்மி என மூன்று கட்சிகளும் மாறி மாறி ஆட்சி செய்தன. மத்தியிலும் ஆட்சிகள் மாறின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2021-ல் கண்டிப்புடன் உத்தரவிட்ட பிறகும் கோப்பு மெல்லவே நகர்ந்தது.

காரணம் எளிது. மரக்கன்று நடுவதால் எவரும் பகையாவதில்லை. எல்லைக்கோடு போட்டால், கோட்டுக்கு உள்ளே அகப்படுபவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். பண்ணை வீடு, ஆசிரமம், அரசுக் கட்டடம், ஏழைகளின் குடியிருப்பு என எல்லாத் தரப்பும் அதில் அடக்கம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மரம் நடு விழாக்கள் தவறாமல் நடந்தன. கோடு மட்டும் வரையப்படவில்லை.

சாத்பரி தந்த பாடம்:

கோடு இல்லாத காட்டில் என்ன நடக்கும் என்பதற்கு 2024 பிப்ரவரி மாத நிகழ்வே சான்று. தெற்கு ரிட்ஜில் சாத்பரி அருகே, துணை ராணுவப் படையினருக்கான மருத்துவமனைக்குச் செல்லும் சாலையை அகலப்படுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களைத் தில்லி வளர்ச்சி ஆணையம் வெட்டியது. ரிட்ஜில் மரம் வெட்ட உச்ச நீதிமன்ற அனுமதி தேவை என்ற 1996-ம் ஆண்டு உத்தரவு மீறப்பட்டது. மரங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டதை மறைத்து, அனுமதி கோரி அதே நீதிமன்றத்தில் மனுவும் தாக்கல் செய்யப்பட்டது.

இந்த ஆணையத்தின் தலைவர் துணைநிலை ஆளுநர். அது மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. வனத் துறையோ தில்லி அரசின் கீழ் இருந்தது. அன்றைய ஆம் ஆத்மி அரசும் துணைநிலை ஆளுநர் தரப்பும் ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்தின. வெட்டப்பட்ட மரங்களைப் பற்றி நீதிமன்றத்தில் முறையிட்டது எந்த அரசுத் துறையும் அல்ல, குடிமக்களே.

2025 மே 28-ம் தேதி தீர்ப்பளித்த நீதிபதிகள் சூர்ய காந்த், கோட்டீஸ்வர் சிங் ஆகியோர், ஆணைய அதிகாரிகள் நீதிமன்றத்தை அவமதித்ததாக அறிவித்தனர். அதிகாரிகளுக்குத் தலா ரூ.25,000 விதிக்கப்பட்டது, 185 ஏக்கரில் காடு வளர்க்கவும் உத்தரவிடப்பட்டது. அகலமான சாலையால் பயனடைந்த அப்பகுதிச் செல்வந்தர்களிடம் ஒரு முறை கட்டணம் வசூலிக்கவும் நீதிமன்றம் கூறியது கவனத்துக்குரியது.

கூடலூரிலிருந்து ஆரவல்லி வரை:

இந்த வழக்குகளுக்குப் பின்னணியாக நிற்கும் ஒரு பெயர் தமிழகத்துக்கு அன்னியமானதல்ல. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகள் அழிக்கப்படுவதைத் தடுக்கக் கோரி, 1995-ல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அந்த வழக்கில்தான், அரசு ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்று 1996 டிசம்பர் 12-ம் தேதி நீதிமன்றம் கூறியது.

அதே வழக்கின் தொடர்ச்சியாகவே 2025 நவம்பரில் ரிட்ஜ் மேலாண்மை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து அளிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆண்டு இறுதியில், தெற்கு ரிட்ஜில் 4,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்துக்கு முதல் கட்டமாக இறுதி அறிவிக்கை வெளியிடப்பட்டது. முப்பத்தோரு ஆண்டு தாமதம் என்றாலும், இது வரவேற்கத்தக்கதே.

ஆனால் அதே நவம்பரில் வேறொரு திருப்பமும் நிகழ்ந்தது. சுற்றுப்புறத்திலிருந்து 100 மீட்டருக்குக் குறையாத உயரம் கொண்டவையே ஆரவல்லி மலைகள் என்ற வரையறையை நீதிமன்றம் 20-ம் தேதி ஏற்றது. சுரங்கப் பணிகளை ஒழுங்குபடுத்தவே இந்த வரையறை என மத்திய அரசு விளக்கியது. ராஜஸ்தானிலும் ஹரியாணாவிலும் எதிர்ப்பு வலுத்ததும், டிசம்பர் 29-ம் தேதி தனது உத்தரவை நீதிமன்றமே நிறுத்திவைத்தது. தில்லியில் மக்கள் நடந்து செல்லும் குன்றுகளில் பெரும்பாலானவை அந்த உயரத்தை எட்டாதவை. உயரத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், தார்ப் பாலைவனத்துப் புழுதியைத் தடுக்கும், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் தாழ்ந்த குன்றுகள் மலையே அல்ல என்றாகிவிடும்.

காடா, பூங்காவா?:

அழிந்த நிலத்தை மீட்க முடியும் என்பதற்கும் தில்லியைச் சுற்றியே சான்றுகள் உள்ளன. வசந்த் விஹார் அருகே கைவிடப்பட்ட சுரங்க நிலம் இன்று ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாக உள்ளது. குர்கானில் அதே பெயர் கொண்ட மற்றொரு பூங்காவும் சுரங்கக் குழிகளாக இருந்த இடமே. குடிமக்கள் அமைப்பு ஒன்று 2010-ல் பணியைத் தொடங்கி, நாட்டு மரங்களை நட்டு வளர்த்தது. 2019-ல் அதன் வழியே சாலை அமைக்கும் திட்டம் வந்தபோது, அங்கு நடந்து பழகிய நகரவாசிகளே திரண்டு எதிர்த்தனர்.

மறுபுறம், நடப்பவர்களின் பெயரால் காட்டுக்குத் தீங்கு நேர்வதும் உண்டு. சிமென்ட் பாதை, மின்விளக்கு, புல்தரை, சிற்றுண்டிக் கடை என வசதிகள் பெருகும்போது, புதர்களை நம்பி வாழும் உயிரினங்கள் இடம் பெயர்கின்றன. ஹரியாணா அரசு குர்கான், நூஹ் மாவட்டங்களில் 10,000 ஏக்கரில் உத்தேசித்த சஃபாரி திட்டத்தை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியதும் இத்தகைய அச்சத்தால்தான்.

ரிட்ஜை ஆக்கிரமித்துள்ள மரம், தமிழக மக்கள் நன்கறிந்த சீமைக் கருவேலம். புது தில்லி உருவான காலத்தில் குன்றுகளை விரைவில் பசுமையாக்க ஆங்கிலேயர் கொண்டுவந்தது. இதனை ஒரேயடியாக வெட்டினால் குன்று வெறுமையாகிவிடும். எனவே கிளைகளைக் கழித்து, வெளிச்சம் விட்டு, அடியில் நாட்டு மரங்களை வளர்க்கும் முறையை வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். திறப்பு விழா நடத்த எதுவும் இராது.

நியாயம் எங்கே?:

காட்டு நிலத்தை மீட்பதில் ஏழைக்கு ஒரு நீதி, செல்வந்தருக்கு ஒரு நீதி என்ற குறையும் நீடிக்கிறது. ஃபரிதாபாத் அருகே கோரி கிராமத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் 2021-ல், கரோனா காலத்தில், சில வாரங்களில் இடிக்கப்பட்டன. அதே மலைப்பகுதியில் உள்ள பண்ணை வீடுகள், திருமண அரங்குகள் மீதான நடவடிக்கை தீவிரமானது 2025-ல்தான். எல்லைக்கோடு அனைவருக்கும் ஒன்றாக இருந்தால்தான் மக்கள் அதனை மதிப்பர்.

2025 பிப்ரவரி தேர்தலுக்குப் பின், மத்திய அரசு, தில்லி அரசு, ஹரியாணா அரசு மூன்றும் பாஜக வசமாயின. அதிகார மோதலைக் காரணம் காட்டிக் கோப்பைக் கிடப்பில் போடும் பழைய வழி இதனால் அடைபட்டுவிட்டது. ஆக்கிரமிப்பு நிறைந்த எஞ்சிய நிலத்துக்கு இறுதி அறிவிக்கை வெளியிடுவதும், ஆரவல்லிக்கு ஏற்கத்தக்க வரையறை காண்பதும் அந்த அரசுகளின் பொறுப்பு. அதுவரை, ஒற்றையடிப் பாதையில் நாள்தோறும் நடந்து, எந்த மரம் எப்போது காணாமல் போனது என்று கவனித்துவரும் சாதாரண மக்களே ரிட்ஜின் காவலர்களாக இருக்க வேண்டியிருக்கும்.