நடிப்பல்ல, நெஞ்சிறுக்கம்



இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி. பாதி ஓட்டத்தில் ஒரு பிள்ளை நின்று, "சேர், நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது" என்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "ஓடப் பஞ்சி. நடிக்காத!"

வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம்: ஆசிரியர்களாகிய நாமே இதைச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஆஸ்மா என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டிலும் இதே கதைதான். "நெஞ்சு அடைக்குது" என்றால், "வாய்வு, இஞ்சி குடி." "இறுக்குது" என்றால், "இழுப்புச் சத்தம் இல்லையே, அப்ப முட்டு இல்ல."

இது பிழை. ஆஸ்மாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சேர்கிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தேங்குகிறது. நெஞ்சைக் கயிற்றால் கட்டியது போல இருப்பது அதனால்தான். சிலருக்குச் சத்தமே இல்லாமல் இறுக்கம் மட்டும் வரும். கடுமையாக முட்டும்போது சத்தம் அடங்கினால் அது சுகமல்ல, பெரும் ஆபத்து.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்மா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் ஒடுங்கும்போது அவர்கள் சொன்ன வார்த்தைகளைப் பதிந்தது. கறுப்பினத்தவர் தொண்டை இறுகுவதாகச் சொன்னார்கள். வெள்ளையர் ஆழமாக மூச்செடுக்க முடியவில்லை என்றார்கள். வருத்தம் ஒன்று, வார்த்தை வேறு. அப்படியிருக்க, எட்டு வயதுப் பிள்ளை வைத்தியர் பாஷையில் பேச வேண்டும் என்று நாம் எப்படி எதிர்பார்க்கலாம்?

பிள்ளையிடம் கேளுங்கள். எங்கே செய்யுது? இறுக்குதா, குத்துதா, எரியுதா? எப்போது வருது: விடியற்சாமத்திலா, ஓடும்போதா, நுளம்புத்திரி, சாம்பிராணிப் புகையிலா, வேளாண்மை வெட்டுற காலத்துத் தூசியிலா? பதிலைக் கொப்பியில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. "கலியாணம் பேச வருவாங்க, பம்பை ஒளிச்சு வை" என்று பொம்புளப் பிள்ளைகளுக்குச் சொல்லும் உம்மாமாரே, ஒளிக்க வேண்டியது பம்பை அல்ல, இந்தப் பேச்சை. பம்ப் போதையல்ல. மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் சிறிய அளவே போதும். நோன்பு காலத்திலும் தானாக நிறுத்தாமல் டொக்டரிடமும் ஆலிமிடமும் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

பாடசாலைகளிடம் நாம் கேட்பது இரண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் ஆஸ்மா உள்ள பிள்ளைகளின் பெயர் வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும். பம்ப் அலுவலக அலுமாரியில் பூட்டிக் கிடக்காமல் பிள்ளையின் பேக்கில் இருக்கட்டும்.

ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலமானால், தாமதிக்காமல் 1990 சுவசெரியவை அழையுங்கள். பெரியவர்களுக்கு முதல் தடவையாக நெஞ்சு இறுகினால் மாரடைப்பாகவும் இருக்கலாம். அவர்களையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

"என்னமோ செய்யுது" என்று பிள்ளை சொன்னால், முதலில் நம்புவோம். விசாரணை பிறகு.