மிக்சர் வாங்கும் முன் மைக்கை எண்ணுங்கள்



திருவிழா நெருங்கினால் தோட்டக் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழாமல் இருப்பதில்லை. "ஒவ்வோர் ஆண்டும் மைக் செட்டுக்கு வாடகை கட்டி மாளவில்லை. இந்த முறை சொந்தமாகவே வாங்கிவிடுவோம்!" என்பார்கள். நல்ல எண்ணம்தான். மைக்கும் ஸ்பீக்கரும் எல்லாருக்கும் ஓரளவு தெரிந்த பொருள்கள். மிக்சர் என்று வரும்போதுதான் தடுமாற்றம். கடையில் பெரியதாக ஒன்றைக் காட்டுவார்கள், விளக்குகள் மினுமினுக்கும், கொண்டுபோன பணம் கரைந்துவிடும். அந்தப் பணமோ, மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் வந்த சம்பளத்திலிருந்து வீடு வீடாகத் திரட்டியது. ஆகவே இந்த இதழில் மிக்சரைப் பற்றிப் பேசுவோம். தீபாவளிப் பலகாரத்தைச் சொல்லவில்லை! ஆனாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எது எவ்வளவு சேர வேண்டும் என்பதில்தான் ருசியே இருக்கிறது.

மேடையில் உள்ள ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி வழியாக மிக்சருக்குள் வருகின்றன. அந்த வழிக்குச் சேனல் என்று பெயர். பாடுபவரின் குரலைக் கூட்டலாம், தபேலாவைக் குறைக்கலாம். பின் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது மிக்சர்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, உங்கள் மேடையில் ஆகப் பெரிய நிகழ்ச்சிக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதுங்கள். அறிவிப்பாளருக்கு ஒரு மைக், பஜனை பாடுவோருக்கு மூன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, தபேலாவுக்கு இரண்டு, புல்லாங்குழலுக்கு ஒன்று. ஆக 8 மைக். அவசரத்துக்கு இரண்டு சேர்த்தால் 10. கீபோர்டுக்கு இரண்டு சேனல், கைப்பேசியிலிருந்து பாட்டுப் போட இரண்டு சேனல். மொத்தம் 14. நாதஸ்வரமும் தவிலும் சிறிய மண்டபத்தில் மைக் இல்லாமலே காதைத் துளைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

இனி, பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 12 என்றால் 12 மைக் செருகலாம் என்று பொருளல்ல. யமஹா எம்ஜி12எக்ஸ்யு என்ற மிக்சரில் 6 மைக்குகள்தான் செருக முடியும். எம்ஜி16எக்ஸ்யு மிக்சரில் 10 மைக்குகள். மீதி வழிகள் கீபோர்டு, கைப்பேசி போன்றவற்றுக்கு உரியவை. நம் கணக்கு 10 மைக்கும் நான்கு வழிகளும் என்பதால் 16 போட்ட இந்த மிக்சர் சரியாகப் பொருந்துகிறது. 12 போட்டது பற்றாது. எந்த நிறுவனத்தின் மிக்சர் என்றாலும் "மைக் செருகும் துளை எத்தனை?" என்றே கேளுங்கள். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த இரண்டிலும் இல்லை. ஆம்ப்ளிஃபயரோ, அதை உள்ளடக்கிய ஸ்பீக்கரோ தனியாக வேண்டும்.

அடுத்தது, பாடுகிறவர் தம் குரலைத் தாமே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர். இதற்கு 'ஆக்ஸ்' என்ற வெளிவழி தேவை. இரண்டாவது இருக்கட்டும். அதில் 'ப்ரி' என்ற பொத்தான் இருந்தால், கூட்டத்துக்குப் போகும் ஒலியை நீங்கள் ஏற்றி இறக்கினாலும் மேடையில் கேட்கும் ஒலி மாறாது. 80 ஹெர்ட்ஸ் என்று போட்ட பொத்தானும் நல்லது. பேச்சு மைக்கில் அதை அழுத்தினால் காற்றின் இரைச்சலும் மேடைப் பலகையின் அதிர்வும் குறையும்.

இளைஞர்கள் "டிஜிட்டல் வாங்கலாமே?" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2012-இல் வெளிவந்த பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்சரில் 32 மைக்குகள் வரை செருகலாம். இன்று வைத்த அளவுகளைச் சேமித்து அடுத்த ஆண்டு அப்படியே அழைக்கலாம். ஆனால் திரைக்குள் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும். அதை அறிந்த ஒரே பிள்ளை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், பூசை நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? கண்முன்னே ஒரு வேலைக்கு ஒரு திருகு என்றிருக்கும் சாதாரண மிக்சரை மூன்று பேர் ஒரே மாலையில் பழகிக்கொள்ளலாம். அந்த மூவரில் ஒரு பெண்பிள்ளையாவது இருக்கட்டும். தோட்டத்தில் தங்கப்போகிறவர்களின் கைக்கு அடங்குவதே நமக்கு நல்ல மிக்சர்.

பணம் முழுவதையும் மிக்சரிலேயே போட்டுவிடாதீர்கள். கேபிள், மைக் தாங்கி, மழைக்கு மூடும் உறை ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் மைக்கையே கொண்டு போங்கள். ஒவ்வொரு துளையிலும் செருகிப் பேசிப் பாருங்கள். பழைய மிக்சர் என்றால் எல்லாத் திருகுகளையும் மெல்லத் திருப்புங்கள். 'கரகர' என்றால் தூசியும் ஈரமும் உள்ளே புகுந்துவிட்டன என்று பொருள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் 'உம்' என்ற இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுவோர் உண்டு. கூடவே கூடாது! அது மைக்கைப் பிடிக்கும் பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும். கேபிளை மாற்றிப் பாருங்கள். சரியாகாவிட்டால் மின்சாரம் தெரிந்தவரை அழையுங்கள். மிக்சரை முதலில் போட்டு ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் அணையுங்கள். ஸ்பீக்கர் நெடுநாள் உழைக்கும்.

வாங்கிய அன்றே ரசீதையும் பொருள்களின் பட்டியலையும் நிர்வாகக் கணக்குப் புத்தகத்தில் சேர்த்து, தலைவரும் பொருளாளரும் கையெழுத்திடுங்கள். தோட்டங்கள் விற்கப்படுவதையும், குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபோவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படி ஒரு நாள் வந்தால், இது யாருடைய பொருள் என்ற சண்டை வரக் கூடாது. எல்லாரும் கொடுத்து வாங்கியது, எல்லாருக்கும் உரியது என்று எழுத்தில் இருக்கட்டும். புதிய இடத்தில் முதல் பூசைக்கும் அதே மைக் ஒலிக்கட்டும்.