மீனின் பசி அறிந்து இரை போடுங்கள்!

மேட்டூர் அணை திறந்து காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால் குத்தாலம் வட்டாரத்துக் குளங்களுக்கு உயிர் வந்துவிடும். (அருவி கொட்டும் குற்றாலம் வேறு. இது மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள ஊர்.) குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுவார்கள்.

கூடவே கவலையும் பிறக்கும். கடன் வாங்கிய பணம். மீன் சீக்கிரம் பெருக்க வேண்டுமே! தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மீன் வாங்கும் தாய்மார்களுக்கோ வேறு சந்தேகம்: "இது ஊசி போட்டு வளர்த்த மீனா?"

இரண்டு கேள்விக்கும் விடை மீனின் தலைக்குள்ளேயே இருக்கிறது!

உடலுக்குள் ஒரு தபால்காரன்

மீனின் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற மிகச் சிறிய சுரப்பி இருக்கிறது. மனிதனுக்கும் அது உண்டு. அதில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, தபால்காரனைப் போல் கல்லீரலுக்குச் சேதி கொண்டு போகிறது. கல்லீரல் இன்னொரு ஹார்மோனை அனுப்புகிறது. எலும்பு நீளுகிறது, சதை கூடுகிறது.

பசிக்கும் இப்படிச் சேதிகள் உண்டு. கட்லா, ரோகுவுக்கு உறவான தங்கமீனை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். குடலில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் "சாப்பிடு" என்கிறது. இரை உள்ளே போனதும் வேறு ஹார்மோன்கள் "போதும்" என்கின்றன.

பட்டினி கிடக்கும் மீனிடம் ஓர் அதிசயம்! பல வகை மீன்களில் அப்போது வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது. ஆனால் கல்லீரல் அதன் சொல்லைக் கேட்பதில்லை. மீன் வளருவதில்லை. ஹார்மோன் மட்டும் போதாது, இரையும் வேண்டும்.

ஊசி யாருக்கு?

ஊசி போடுவது உண்மைதான். ஆனால் அது குஞ்சு பொரிப்பகத்தில், இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் மீனுக்கும் பெண் மீனுக்கும்தான்! இந்தக் கெண்டை இனங்கள் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. முன்பு ஆறுகளில்தான் குஞ்சு பிடிக்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ல் ஒரிசாவிலுள்ள அங்குலில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி மீன்களை முட்டையிட வைத்தார். இன்று ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம்.

அந்த ஊசி முட்டையிடுவதற்கு, வளருவதற்கு அல்ல. தாய்மார்கள் கலங்க வேண்டாம்.

வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவையே மாற்றி, சால்மன் மீனைப் பாதிக் காலத்தில் வளர்த்த நிறுவனமும் உண்டு. 2015-ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. 2024 முடிவில் அந்த நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்திவிட்டது. குத்தாலத்துக் குளத்துக்கு அந்த வித்தை தேவையில்லை.

கொட்டினால் நஷ்டம்

கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் நிறையத் தின்று சேர்த்து வைக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போடுவதே நல்லது.

மிச்சமான இரை குளத்தடியில் அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். விடியற்காலையில்தான் பிராணவாயு மிகக் குறைவு. அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். திணறும் மீனுக்குப் பசி எடுக்காது, வளர்ச்சியும் நிற்கும். நிலைமை முற்றினால் ஒரே இரவில் குளமே செத்து மிதக்கும். மீன் வளர்ப்பில் பெருஞ்செலவு இரைக்குத்தான். அந்தக் காசைக் கொடுத்தே நஷ்டத்தை வாங்கலாமா?

செய்ய வேண்டியது எளிது. இரையை ஒரு தட்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்குங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். தட்டு காலியா? மறுநாள் சற்றுக் கூட்டலாம். மிச்சமா? குறையுங்கள். மப்பும் மந்தாரமுமான நாளில், மீன் மேலே வந்து திணறும் நாளில், இரையை நிறுத்துங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதை மீனின் உடல் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரை போடும் கைக்கு, அதைப் பார்க்கும் கண்ணும் வேண்டும்!