கோமாளி கையில் ஒரு வேலை

நம் தோட்டங்களின் காமன் கூத்தில், மாசி மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால் பௌர்ணமி இரவில் காமன் தகனம். இடையில் ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போய் ஆடுவார்கள். அந்த ஒழுங்கு இன்றும் இருக்கிறது. ஆனால் சிவன் நெற்றிக்கண் திறக்கும் நேரத்தில் ஆடுகிறவர் கண்ணுக்குப் படுவது சனத்தின் முகமல்ல, போன் வெளிச்சம்.

மேல்நாட்டு அரங்குகளுக்கும் இதே தலையிடிதான். 2015இல் நியூயோர்க் லிங்கன் சென்டரில், நாடகத்தின் நடுவே குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒருவரின் போனை நடிகை பட்டி லுபோன் வாங்கிக்கொண்டே மேடையை விட்டுப் போனார். அதற்குச் சில வருடங்கள் முன்பு, டுவிட்டரில் எழுதுவோருக்கென்று தனி ஆசனம் ஒதுக்கிப் பார்த்த அரங்குகளும் அமெரிக்காவில் உண்டு. இரண்டும் நமக்குப் பொருந்தா. அங்கே கதவும் டிக்கெட்டும் ஆசன இலக்கமும் இருக்கின்றன. காமன் பொட்டலுக்கு வாசலே இல்லை. பிள்ளை அழும், தேத்தண்ணி வரும், ஆட்கள் எழுந்து போய்த் திரும்பி வருவார்கள். கூத்து இவ்வளவையும் தாங்கித்தான் வளர்ந்தது.

கலவான பக்கத்துத் தோட்டங்களில் போனுக்குத் தடை என்று பேசுவது இன்னும் கடினம். நுவரெலியாவைப் போல் இங்கே நம் சனம் நெருக்கமாக இல்லை; சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிய லயங்கள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் வளைகுடா நாடுகளிலும் வேலையில். 2016இல் பேஸ்புக் நேரலை எல்லோருக்கும் திறந்த பிறகு, ஊர்க் கூத்தை அவர்களும் அதே இரவில் பார்க்க வழி பிறந்தது. அந்த வழியை அடைக்க எந்தக் கூத்து வாத்தியாருக்கும் மனம் வராது.

பாதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ரதி வேஷம் கட்டுகிறவர் ஆண். காப்புக் கட்டி, விரதமிருந்து ஆடுகிறார். தகனத்துக்குப் பின் அவர் வைக்கும் ஒப்பாரியில் களத்துப் பெண்களும் கண் கலங்குகிறார்கள். அதே ஒப்பாரியை 15 விநாடிக்கு வெட்டி, சினிமாப் பாட்டை ஒட்டி டிக்டொக்கில் விட்டால், சேலை கட்டிய ஆம்பிளையைப் பார்த்துச் சிரிக்கிற காட்சியாகிவிடுகிறது. மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்கவேண்டியவர் அவர்தான். அடுத்த மாசிக்கு ரதி வேஷத்துக்கு ஆள் தேடும்போது இதன் நட்டம் தெரியும்.

ஆகவே காப்புக் கட்டும் அன்றே இந்தப் போன் விசயத்தைப் பேசி முடியுங்கள். தோட்டத்து இளைஞர் ஒருவரை வாத்தியாரே நியமிக்கட்டும்; நேரலை அவர் போனில் மட்டும். தப்படிப்பவருக்குப் பின்னால் அவருக்கு இடம் கொடுங்கள். வேஷம் கட்டுமிடமும் அருள் வந்தவரின் முகமும் படத்தில் வேண்டாம். ஒப்பாரி போவதென்றால் முழுதாகப் போகட்டும், அதுவும் ரதி சம்மதித்தால்.

இதை அறிவிக்க மைக் தேவையில்லை. கூடியிருப்பவரைக் கிண்டல் பண்ணும் உரிமை கோமாளிக்கு என்றும் உண்டு. போனை நீட்டுகிறவரிடம் போய், "என்ன தம்பி, மன்மதனை எரிக்க நெருப்புப் பத்தாதுனு லைட் அடிக்கிறீங்களா?" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். களம் சிரிக்கும், போன் சட்டைப்பைக்குள் போகும்.