அகப்பை யார் கையில்?

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. மருந்தைப் பற்றி வைத்தியர்கள் தீர்ப்புக் கூறட்டும். விருந்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. நான்காம் நாள் என்ன நிகழும்? வந்தவர் திரும்பிப் போக இடமில்லாதவராயின், வரவேற்றவரும் செல்வரல்லராயின், இப்பழமொழி எதற்கு உதவும்? இக்கேள்விக்கு விடையை நான் ஏடுகளிலே தேடினேன், கிடைக்கவில்லை. புத்தளக் கரையில் ஒரு வீட்டுக் குசினியின் வேலியோரத்தில் அது கிடைத்தது.

நான் உடப்பைச் சேர்ந்தவன். தமிழாசிரியனாகக் கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு கிராமத்திலே சில ஆண்டுகள் பணிபுரிந்தேன். 1992ஆம் ஆண்டிலே, என்னோடு கற்பித்த நண்பர் ஒருவரின் தங்கைக்குத் திருமணம் நடந்தது. முந்திய இரவு சமையல் தொடங்கிற்று. தேங்காய் எத்தனை வந்தது, அரிசி எத்தனை கொத்து இறங்கிற்று என்று கணக்கெழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்தவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது என்பதை அவ்வீட்டார் நன்கறிந்திருந்தனர் போலும்; கொப்பியையும் பென்சிலையும் என்னிடம் தந்து, கிடுகு வேலியின் இப்புறத்தில் ஓர் அரிக்கன் விளக்கோடு இருத்திவிட்டனர். வேலிக்கு அப்புறம் பெண்கள். அவர்களுடைய பேச்சை அன்றிரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதுவரையில் அடுக்களைப் பேச்சு என்றால் ஊர்வம்பு என்றே நானும் எண்ணியிருந்தேன். வம்பும் இருந்தது, இல்லையென்று சொல்லேன். ஆனால் வம்பு உப்பளவு, மற்றதெல்லாம் அறிவு.

ஒரு சஹனுக்கு எத்தனை சுண்டு அரிசி என்பதே முதல் விவாதம். சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒருமிக்க உண்ணும் பெருந்தட்டு. “அஞ்சு சுண்டு காணும், மாமி” என்றார் ஒருவர். “யாரு வாறதென்டு பாத்துச் சொல்லு புள்ள. கடலால வாறவங்களுக்கு அஞ்சு காணாது. கந்தோர்க்காரங்களுக்கு நாலே மிஞ்சும்” என்றார் வீட்டின் மூத்த பெண்மணி. அதன்பின், வருவோர் இன்னார் இன்னார் என்று ஒவ்வொரு குடும்பமாக எண்ணினர். இன்னாருக்குப் பல் இல்லை, இறைச்சி குழைய வேண்டும். இன்னாருக்குச் சீனி வருத்தம், வட்டிலப்பத்தை முன்னே வைத்து ஆசை காட்டக்கூடாது. இன்னாரும் இன்னாரும் பேச்சுவார்த்தை இல்லை, ஒரே சஹனில் இருத்தக்கூடாது. அல்லது, வேண்டுமென்றே இருத்த வேண்டும். ஓர் ஊரின் குடிமதிப்பும், உடல்நிலைக் குறிப்பும், வழக்கேடும் அந்த வேலிக்கு அப்பால் எழுத்தின்றியே இருந்தன.

பின்னர் தொழில் நுட்பம். தேங்காயின் முதற்பாலை எப்போது விடுவது, விட்டபின் கொதித்தால் ஏன் திரைகின்றது. வட்டிலப்பத்தை அவிக்கும்போது மூடியில் வியர்க்கும் நீர் சொட்டாதிருக்க அதனைத் துணியால் எவ்வாறு கட்டுவது. விறகு எரியும் அடுப்புக்கும் சிரட்டை எரியும் அடுப்புக்கும் என்ன வேறுபாடு. ஒருவர் சொல்ல மற்றவர் மறுப்பார். மறுத்தவரைப் பார்த்து மூன்றாமவர் சிரிப்பார். இறுதியில் ஒரு முடிவு பிறக்கும். நான் இருந்த இலக்கிய வட்டங்களில் இத்துணை நல்ல விவாதத்தை அதிகம் கண்டதில்லை. அங்கே தோற்றவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார்; இங்கே தோற்றவர் வெங்காயம் உரிப்பதைத் தொடர்ந்தார்.

அந்தக் குசினியின் மூலையில் ஒரு பெண் தலைகுனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரை இங்கு நிறுத்தி, அந்த ஆண்டுகளின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை அவர்கள் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தோருக்கு இரண்டு மணி நேரமே அவகாசம் என்றனர். வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டவர். அவர்களிற் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளங்களில் ஏறியோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் இருப்பிடமாயின. அந்த முதல் நாட்களில் வந்தவர்களுக்குச் சோறு போட்டவர்கள் இக்கரையின் மக்கள். அரசாங்கத்தின் உலர் உணவுப் பங்கீடும் உதவி நிறுவனங்களின் வண்டிகளும் ஒழுங்காக வருவதற்கு முன், கிடாரங்கள் அடுப்பேறிவிட்டன.

இது எவ்வாறு இயன்றது? இரக்கம் இருந்தது என்பது உண்மை. ஆனால் இரக்கம் மட்டும் நூறு பேருக்குச் சோறு வடிக்காது. கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் சமைத்துச் சமைத்து, பேசிப் பேசி, எத்தனை பேருக்கு எத்தனை கொத்து என்று கணக்குப் பழகிய கைகள் இருந்தன. யார் வீட்டில் பெரிய சட்டி, யார் தோட்டத்தில் விறகு என்பது யாவருக்கும் தெரிந்திருந்தது. விருந்தோம்பல் ஒரு பண்பு மாத்திரமன்று. அது ஒரு பயிற்சி. அப்பயிற்சியை அளித்த கல்லூரி அடுக்களைப் பேச்சே.

ஆயினும் பழமொழி சொன்ன மூன்று நாள் கழிந்தது. மூன்று மாதமும் கழிந்தது. தென்னந்தோட்டத்துக் குடில்களில் வாழ்ந்தோர் கிடைத்த கூலிக்கு வேலை செய்ய உடன்பட்டனர். உள்ளூர்க் கூலியாளர் முகம் சுளித்தனர். கிணற்றடியில் வாளிகள் மோதின. இருவர் இருந்த வகுப்பறை வாங்கில் நால்வர் இருந்தனர். ‘உள்ளூரார்’, ‘அகதி’ என்ற இரு சொற்கள் ஊரைப் பிளந்தன. இதில் என் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. எவரும் என்னைக் கேளாதிருந்தும், வரவுப் பதிவேட்டில் புதிய மாணவரின் பெயர்களுக்கு எதிரே ‘அ’ என்று சிறிதாகக் குறித்து வைத்தேன். மேலிடத்தார் கணக்குக் கேட்டால் எளிதாயிருக்கும் என்பது என் நினைப்பு. பிள்ளைகள் அந்த எழுத்தைப் படித்துவிட்டனர். பிள்ளைகள் எதைத்தான் படிப்பதில்லை!

இனி அந்த மூலைக்கு வருவோம். வெங்காயம் உரித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்; அருகிலுள்ள குடில்களில் ஈராண்டாக வாழ்பவர். இதற்கு முன்னும் பல விருந்துகளுக்கு அழைக்கப்பட்டவர். வந்தபோதெல்லாம் நன்றாக உண்பிக்கப்பட்டவர். அன்றுதான் முதன்முறையாக வாய் திறந்தார். இறைச்சிக்குச் சரக்குச் சேர்க்கும் வேளையில், “எங்கட ஊரில தூளை வறுத்துத்தான் போடுறது” என்றார். ஒரு கணம் பேச்சு நின்றது. தாம் சொன்னது பிழையாகிவிட்டதோ என்று அவர் அஞ்சியிருக்க வேண்டும். “இதுவும் நல்லாத்தான் இருக்கும்” என்று உடனே சேர்த்தார். மூத்த பெண்மணி சற்றே யோசித்தார். “அப்ப ஒரு சட்டிய நீ காச்சு புள்ள” என்று சொல்லித் தம் கையிலிருந்த அகப்பையை நீட்டினார்.

அப்பெண் அழுததாகவோ நன்றி கூறியதாகவோ எழுதினால் கதை அழகாயிருக்கும். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “இது என்ன உப்பு, மாமி? எங்கட உப்பு இவ்வளவு பரலா இராது.” உப்பளத்துப் பரலுப்பைக் கையால் அள்ளும் அளவு வேறு, பொடியுப்பை அள்ளும் அளவு வேறு. சமைக்கப் போகிறவர் கேட்கும் கேள்வி அது. உண்ணப் போகிறவர் அதைக் கேட்கமாட்டார். அந்தக் கணத்தில் அவர் விருந்தினர் என்ற நிலையிலிருந்து இறங்கினார், அல்லது, உயர்ந்தார். அதற்குப்பின் அந்த ஒழுங்கையில் நான் உண்ட விருந்துகளில் எல்லாம் இரண்டு சட்டி இறைச்சி வந்தது. ஒன்று அவர்கள் வழக்கப்படி, மற்றது வறுத்த தூளோடு. ஊர் இரண்டையும் உண்டது.

அவர் அகப்பையைக் கொடுத்தார். நான் ‘அ’ என்ற எழுத்தைக் கொடுத்தேன். இருவரும் அதே மனிதரையே வரவேற்றோம். எவருடைய வரவேற்பு உயர்ந்தது என்பதை ஆசிரிய நண்பர்களின் தீர்ப்புக்கே விடுகிறேன்.

என் கருத்து இதுதான். ஒருவருக்குச் சோறிடுவது விருந்தோம்பலின் முதற்படி. அவரை நம் அடுப்படியில் சேர்த்து, அவருடைய கைப்பக்குவத்தையும் நாம் உண்பதே அதன் நிறைவு. என்றென்றும் பெறுபவராகவே வைத்திருக்கப்படும் விருந்தாளி நாளடைவில் சிறுமைப்படுகிறார். என்றென்றும் கொடுப்பவராகவே இருப்பவர் நாளடைவில் சலிப்படைகிறார். நான்காம் நாளின் நோய் இதுவே. இக்கரையில் அதற்கு மருந்து தேடியவர்களுள் அரசியலாளரும் அதிகாரிகளும் உண்டு. அவர்களுக்கு முன்பே அதை அறிந்திருந்தவர்கள் சட்டி கழுவும் பெண்கள்.

இந்த அறிவை நம் எழுத்து எப்படி நடத்தியது? 1344இல் இலங்கைக்கு வந்த இபன் பத்தூத்தா இறங்கிய துறை புத்தளமே என்று அறிஞர் பலர் கொள்வர். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும், உணவுச் சுமைகளைத் தூக்க 15 பேரும் கொடுத்ததாக அவர் குறித்துள்ளார். சுமந்தவர் தொகை உண்டு; சமைத்தவர் தொகை இல்லை. கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் ‘தமிழ் புளூராக்’ என்ற நூலில் ஏறத்தாழ 200 புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். அத்தகைய தொகுப்பாளர் பிறந்த ஊரிலே, அடுப்படிப் புலமையைத் தொகுக்க இன்னும் ஒருவர் பிறக்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. வள்ளுவரோ விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அப்பத்துக் குறள்களிலும் அடுப்பு இல்லை. விருந்தினர் உண்டபின் எஞ்சியதை உண்பவனை அவர் போற்றுகிறார், ஆண்பாலிலே போற்றுகிறார். நம் வீடுகளில் அந்த அறத்தைக் கைக்கொண்டு கடைசிப் பந்தியில் அடிச்சட்டியைச் சுரண்டுவோர் எப்பாலார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது கலியாணங்களுக்கு ஆயத்த உணவு வண்டியிலே வருகின்றது. வரிசையில் நின்று தட்டை நிரப்பிக்கொண்டு, முன்பின் அறியாதவரின் அருகில் நாற்காலியில் இருந்து உண்டு கலைகிறோம். இதை நான் குறைகூறியபோது, அன்றைய மூத்த பெண்மணியின் மகள் எனக்கு நல்லதொரு விடை தந்தார். “சேர், நீங்க வேலிக்கு வெளிய இருந்து கேட்டீங்க. நாங்க புகைக்குள்ள இருந்தோம். உம்மாவுக்குக் கடைசிக் காலத்துல நெஞ்சு இழுப்பு. அந்தக் கிடாரத்தக் கழுவ நீங்க வாறீங்களா?” என்றார். எனக்கு மறுமொழி இல்லை. புகையையும் முதுகுவலியையும் பண்பாடு என்று போற்றுவது, தூக்காதவர் சுமையைப் புகழ்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே பழைய குசினி திரும்பிவர வேண்டும் என்று நான் வேண்டவில்லை. அங்கே நடந்த பேச்சு அழியக்கூடாது என்றே வேண்டுகிறேன். தலவில் புனித அன்னம்மாள் தேவாலயத்தின் மார்ச், ஆகஸ்ட் திருவிழாக்களுக்கு வரும் யாத்திரிகர் இன்றும் தற்காலிகக் கொட்டில்களில் தங்கிச் சமைத்து உண்கின்றனர். தமிழ்க் குடும்பத்தின் அடுப்பும் சிங்களக் குடும்பத்தின் அடுப்பும் அயலயலே எரிவதை அங்கு காணலாம். அங்கே ஆண்களும் தண்ணீர் சுமக்கிறார்கள், விறகு பிளக்கிறார்கள், தேங்காய் துருவுகிறார்கள். கொட்டிலிலே இயல்வது வீட்டிலே ஏன் இயலாது? பெரிய விருந்தை வண்டி கொண்டுவரட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு சிறிய விருந்தை, ஆணும் பெண்ணுமாக, அயலாரோடும் புதிதாக வந்தோரோடும் சேர்ந்து நாமே சமைப்போம். அங்கே பேச்சு தானாகவே வரும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். ‘எனது ஊர்’ என்று கட்டுரை எழுதும்போது கோட்டையையும் களப்பையும் உப்பளத்தையும் எழுதுகிறீர்கள், நன்று. உங்கள் உம்மாவோ, அம்மாவோ, பாட்டியோ நூறு பேருக்குச் சமைத்த நாளைப் பற்றிக் கேட்டு ஒருமுறை எழுதுங்கள். எத்தனை சுண்டு, எந்த விறகு, யாரை யாரோடு இருத்தினார்கள் என்பனவெல்லாம் வரட்டும். வடக்கிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தின் பிள்ளையும், இங்கேயே வேரூன்றிய குடும்பத்தின் பிள்ளையும் அக்கட்டுரைகளை மாற்றி வாசிக்கட்டும். 2009இல் போர் முடிந்தபின் சிலர் மீண்டனர். பலர் இன்றும் இக்கரையில் வாழ்கின்றனர். அவர்களை இன்னும் விருந்தாளி என்று அழைப்பது உபசாரமன்று.

அந்த ஆண்டு முடிவதற்குள் என் பதிவேட்டிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தேன். மை என்பதால் தாள் சில இடங்களில் கிழிந்தது. கிழிசலைக் கண்ட மாணவன் ஒருவன் காரணம் கேட்டான். பிழையாக எழுதிவிட்டேன் என்றேன். அது உண்மையான விடையே.