பல் உலோகங்களும் ஒவ்வாமையும்: ஏட்டில் ஏற வேண்டிய செய்தி

பல் போனால் சொல் போயிற்று என்பது நம் முதுமொழி. இன்று பல்லை இழந்தவர் சொல்லையும் இழக்க வேண்டியதில்லை. தாடை எலும்பினுள் உலோகத் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும் சிகிச்சை பெருநகரங்களோடு நின்றுவிடாமல் திருப்பதி, சித்தூர் போன்ற ஊர்களுக்கும் வந்துவிட்டது. அதனுடன் ஓர் ஐயமும் வந்திருக்கிறது. “பல் கட்டிக்கொண்ட நாள்முதல் வாய் எரிகிறது”, “உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது” என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். “எல்லாம் மனப்பிரமை” என்பது ஒன்று. “உடனே பிடுங்கி எறியுங்கள்” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு என்பதும், இவ்விரண்டுக்கும் நடுவே கள ஊழியரும் ஆசிரியரும் ஆற்ற வேண்டிய பணி ஒன்று உண்டு என்பதும் நமது கருத்து.

முதலில் உலோகத்தின் தன்மையை நோக்குவோம். 1952-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு விஞ்ஞானி பெர்-இங்வார் பிரானெமார்க் முயல்களின் எலும்பில் டைட்டேனியக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்தபின் அக்கருவியை வெளியே எடுக்க இயலவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருந்தது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியப் பற்கள் பொருத்தப்பட்டன. அந்நோயாளி 2006-இல் இறக்கும்வரை அவை பயன்பட்டன. டைட்டேனியத்தின் மேற்பரப்பில் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. அப்படலமே உலோகம் கரையாமல் காக்கும் கவசம். ஆதலால் டைட்டேனியத்திற்கு ஒவ்வாமை மிக அரிது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,500 நோயாளிகளுள் 9 பேரிடமே, அதாவது நூற்றுக்கு 0.6 வீதமே, சோதனையில் ஒவ்வாமை காணப்பட்டது. அரிது என்பதற்கு இல்லை என்பது பொருளன்று. ஆயினும் ஐயத்தை முதலில் இதன்மேல் வைப்பது முறையாகாது.

வாயில் வைக்கப்படும் உலோகம் டைட்டேனியம் ஒன்றே என்று எண்ணுவதும் பிழை. பல்லின்மேல் கவிழ்க்கும் மலிவான தொப்பிகள் பலவற்றில் நிக்கலும் குரோமியமும் கலந்திருக்கும். அவற்றில் பெரும்பகுதி நிக்கலே. கோபால்ட்டு கலந்தவையும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பல்வரிசையைச் சீர்செய்யக் கட்டும் நிக்கல்-டைட்டேனியக் கம்பியில், எடையில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு நிக்கல். உலகில் உலோக ஒவ்வாமைகளுள் முதலிடம் பெறுவது இந்த நிக்கலே. ஐரோப்பிய நாடுகளில் பெண்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இதனால் பாதிக்கப்படுகின்றனர். காது குத்தி அணியும் நகை அதற்கு முக்கிய காரணமெனத் தெரிந்து, 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய பொருள்களில் நிக்கலைக் கட்டுப்படுத்தி விதி வகுத்தது.

இச்செய்தி நம் ஊழியர்களுக்குப் பெரிதும் உதவும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறது, கைக்கடிகாரத்தின் கொக்கி பட்ட இடத்தில் அரிக்கிறது, தாலிச் சரட்டில் மாட்டிய ஊக்கு உரசும் இடத்தில் தோல் கறுக்கிறது என்று சொல்லும் பெண்களை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். வியர்வை மிகுந்த நம் பகுதியில், வியர்வையின் உப்பு நிக்கலைக் கரைத்துத் தோலினுள் சேர்க்கிறது. இத்தகைய வரலாறு உடையவர் பல் கட்டிக்கொள்ளச் செல்லுமுன், “எனக்கு நிக்கல் ஒத்துக்கொள்வதில்லை போலும்” என்று பல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொன்னாற் போதும். மருத்துவர் வேறு பொருளைத் தேர்ந்துகொள்வார். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தூண்டுவதற்குப் பட்டமோ கருவியோ வேண்டியதில்லை.

ஒவ்வாமை எவ்வாறு உண்டாகிறது? உமிழ்நீரில் கரைந்த உலோக அயனி உடலின் புரதத்தோடு சேர்கிறது. உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களுள் ஒரு வகை அதனைப் பகையெனக் கருதி நினைவில் வைக்கிறது. பின்னர் அதே உலோகம் படும்போது, ஓரிரு நாட்கள் கழித்து அழற்சி தோன்றுகிறது. இதனாலேயே சோதனையும் பொறுமையை வேண்டுகிறது. ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அன்றும் அதன்பின் ஓரிரு நாட்களிலும் தோல் நிபுணர் பார்ப்பார். நிக்கல், கோபால்ட்டு, குரோமியம் ஆகியவற்றுக்கு இச்சோதனை நம்பத் தக்கது. டைட்டேனியத்திற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனை இன்னும் அமையவில்லை.

வாய் எரிச்சல் யாவும் உலோகத்தின் குற்றமுமன்று. பதித்த பல்லைச் சுற்றிச் சதை வீங்குவதற்கும் எலும்பு தேய்வதற்கும் பெரும்பான்மையான காரணம் நுண்கிருமிகளே. புகையிலையும் அடங்காத நீரிழிவும் அவற்றுக்குத் துணை நிற்கின்றன. இரும்புச் சத்துக் குறைவும் பி-12 வைட்டமின் குறைவும் நாக்கை எரிய வைக்கும். ஆறாத புண், வெள்ளைத் திட்டு ஆகியவை புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் “உலோக ஒவ்வாமை” என்று பெயரிட்டு ஒதுக்கினால் உயிருக்கே கேடு விளையும். இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

வெவ்வேறு உலோகங்கள் வாயில் ஒன்றையொன்று தொட்டால் ‘சுரீர்’ என்னும் உணர்ச்சியும் உலோகச் சுவையும் தோன்றுவதுண்டு. இதனை ஆசிரியர் வகுப்பிலேயே விளக்கலாம். ஓர் எலுமிச்சம் பழத்தில் செப்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் செருகி அளந்தால், ஏறத்தாழ ஒரு வோல்ட்டு மின்னழுத்தம் காட்டும். உமிழ்நீர் அந்த எலுமிச்சைச் சாற்றின் வேலையைச் செய்கிறது. மூடநம்பிக்கை எது, ரசாயனம் எது என்பதை மாணவர் தாமே பிரித்தறிய இதைவிட எளிய பாடம் அரிது.

இனி, நமது முக்கியமான கருத்துக்கு வருவோம். உலோகத்தைவிடப் பெரிய குறை பதிவேடு இல்லாமையே. இதற்கு நம் நாட்டிலேயே கசப்பான சான்று உண்டு. டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்னும் உலோக இடுப்பு மூட்டு, கோபால்ட்டும் குரோமியமும் கலந்தது. உலோகத்தோடு உலோகம் உரசி அவற்றின் துகள்கள் இரத்தத்தில் கலந்ததாலும், மறு அறுவை மிகுந்ததாலும், 2010-இல் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2018-இல் வெளியானபோது, அந்நோயாளிகளுள் சுமார் ஆயிரம் பேரையே கண்டறிய முடிந்திருந்தது. ஏனையோர் எங்கே, எந்நிலையில் உள்ளனர் என்று சொல்ல ஏடு இல்லை. பல்லில் பதிக்கும் டைட்டேனியம் அத்தகைய உலோகமன்று. ஆனால் ஏடில்லாத குறை இரண்டுக்கும் பொது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இக்குறை இரட்டிப்பாகிறது. இது எல்லைப் பகுதி. சித்தூரில் வாழ்பவர் வேலூரில் பல் கட்டிக்கொள்கிறார். திருப்பதியிலிருப்பவர் சென்னைக்குச் செல்கிறார். பின்னர் நோவு கண்டால் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ, திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ருயா மருத்துவமனைக்கோ வருகிறார். வைத்த ஊர் ஒன்று, நோவைக் கேட்கும் ஊர் மற்றொன்று. “வாயில் என்ன உலோகம்?” என்று கேட்டால் நோயாளிக்குத் தெரியாது, கேட்பவருக்கும் தெரிய வழியில்லை. பதித்த பொருளோடு உற்பத்தி எண்ணும் பெயரும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வருகிறது. அதை ஓர் அட்டையில் ஒட்டி, உலோகத்தின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி நோயாளியின் கையில் கொடுப்பதற்கு ஆகும் செலவு சில காசுகளே.

ஐயத்திற்குரிய விளைவுகளை அறிவிப்பதற்கு அரசு ஏற்பாடும் இருக்கிறது. மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2015 ஜூலை 6 அன்று தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதனை நடத்துகிறது. மருத்துவரோ செவிலியரோ மட்டுமின்றி நோயாளியும் அறிவிக்கலாம். காரணம் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஐயமே போதும்.

இவ்வாறு எழுதத் தொடங்கினால் மக்கள் வீண் பீதி கொள்வர், நல்ல சிகிச்சையையும் வெறுப்பர் என்று சில அன்பர்கள் கூறக்கூடும். இக்கவலை நியாயமானதே. ஆயினும் பீதி பிறப்பது ஏட்டிலன்று, ஏடில்லாத இடத்தில்தான். பத்துப் பேர் திண்ணையில் பேசும் பேச்சுக்கு எல்லை இல்லை. அதே பத்துப் பேரின் உலோகமும் நாளும் குறியும் எழுதப்பட்டால், அவற்றுள் எட்டு வேறு காரணத்தால் வந்தவை என்று ஒருவேளை தெரியலாம். எஞ்சிய இரண்டும் உண்மையானால் அவ்விருவருக்கும் நிவாரணம் கிட்டும். எழுதுவதனால் உலோகத்தின் நற்பெயரும் காக்கப்படுகிறது, நோயாளியின் மதிப்பும் காக்கப்படுகிறது.

ஆகவே கள ஊழியர்களிடம் நாம் வேண்டுவது மூன்று. பல் கட்டுமுன், நகையால் அரிப்புக் கண்டதுண்டா என்று கேளுங்கள். கட்டியபின் அட்டை வாங்கினீர்களா என்று கேளுங்கள். நோவு சொன்னால் நகையாடாமலும், பிடுங்கச் சொல்லாமலும், நாளையும் குறியையும் எழுதி மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டத்தில் இதனையே எடுத்துரைக்கலாம். பல்லுக்குரிய விஞ்ஞானம் மருத்துவர் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டிய செய்தியோ உங்கள் குறிப்பேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.